கிரீன் டீ குடிச்சா ரத்தக்குழாய் விரியுமா? அம்மா பிரஷர் குளிசைய நிப்பாட்டிட்டாங்க

மஸ்கெலியா மகன்
எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிச்சிட்டு போறவன் நான், எழுதினதில்ல, இன்னிக்கு கேக்க வேண்டி வந்திருச்சு. அம்மாவுக்கு 61 வயசு. முப்பது வருசத்துக்கு மேல தேயிலை மலையில கொழுந்து எடுத்தவங்க, செக்ரோலில (தோட்டத்து வேலையாள் பதிவுல) பேரு வெட்டி ஆறு வருசமாச்சு. ஒம்பது வருசமா பிரஷர் இருக்கு, மாசாமாசம் கிளினிக் போவாங்க. ரெண்டு மாசம் முந்தி யாரோ வாட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்காங்க, கிரீன் டீ ரத்தக்குழாய தளத்தி விடும், அடைப்பு எல்லாம் போயிரும், குளிசை தேவையில்லன்னு. தங்கச்சி கொழும்புல இருந்து வரும்போது ரெண்டு பெக்கட் கொண்டு வந்து குடுத்தா. அம்மா எங்க யாருகிட்டயும் சொல்லாம மூணு வாரமா குளிசைய நிப்பாட்டிட்டு இத மட்டும் குடிச்சிருக்காங்க. நேத்து கிளினிக்ல பாத்தா 172க்கு 100.

நான் சத்தம் போட்டேன். அதுக்கு அம்மா, "நான் எடுத்த கொழுந்துதானேடா, அதுல மருந்து இருக்குன்னு இப்பதான் படிச்சவங்க சொல்றாங்க, அத நான் குடிச்சா என்ன தப்பு"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. சும்மா "அதெல்லாம் பொய்"ன்னு சொல்லி முடிக்க மனசில்ல, ஏன்னா பொய்யா இல்லையான்னே எனக்கு தெரியாது. தெரிஞ்சவங்க வெளங்கப்படுத்துங்க, நான் அப்படியே அவங்களுக்கு சொல்லணும்.

தாதி அக்கா
தம்பி, மத்ததெல்லாம் பெறகு பேசலாம், மொதல்ல குளிசைய திரும்ப தொடங்க சொல்லுங்க, கிளினிக்ல எழுதின அதே அளவு. விட்ட நாளுக்கு சேத்து ரெண்டு மூணா போட வேணாம். மூணு வாரம் போடலன்னு டொக்டருக்கிட்ட ஒளிக்காம சொல்லணும், இல்லாட்டி அந்த 172ஐ பாத்து மருந்து பத்தலன்னு நெனச்சு கூட்டிருவாங்க. நெஞ்சு நோவு, பேச்சு கொழறுறது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது, கடுமையான தலையிடி இதுல ஒண்ணு வந்தாலும் காலைல பாப்போம்னு இருக்காதீங்க, அந்த நேரமே ஆஸ்பத்திரி. தோட்டத்துல ராவுல வாகனம் புடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு தெரியும், அதனாலதான் முன்னுக்கே சொல்றேன், ஒரு ஓட்டோக்காரர் நம்பர் வச்சிருங்க.

மஸ்கெலியா மகன்
சரிக்கா, நேத்து ராவே போட வச்சிட்டேன். கிளினிக்ல மட்டும் அம்மா வாய தொறக்கல, அடுத்த தரம் நானே கூட போறேன்.

குழாயும் உயிரும்
நான் உடற்றொழிலியல் (ஒடம்பு எப்படி வேல செய்யுதுங்கிற படிப்பு) படிச்சவன், டொக்டர் இல்ல. உங்க அம்மாவோட கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி, அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னு ஆச. நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர்ல ரத்தக்குழாயையும் நரம்புன்னுதான் சொல்றோம், ஆனா ரெண்டும் வேற வேற. ரத்தக்குழாய் வெறும் டியூப் இல்ல, அதோட சுவர்ல தசை இருக்கு, அந்த தசை இறுகினா குழாய் சின்னதாகும் பிரஷர் ஏறும், தளந்தா விரியும். தசைக்கு உள்பக்கமா ஒரே ஒரு செல் கனத்துல மெல்லிய படை ஒண்ணு ஒட்டியிருக்கு, எண்டோதீலியம்னு பேரு. ரொம்ப காலமா அத சும்மா ஒரு பூச்சு மாதிரித்தான் நெனச்சிருந்தாங்க. அமெரிக்காவுல பேர்ச்கொட்னு ஒருத்தர் முயலோட பெரிய ரத்தக்குழாய துண்டு துண்டா வெட்டி அதுல அசிடைல்கோலின்னு நரம்பு சுரக்கிற ஒரு வேதிப்பொருள போட்டு பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு தரம் இறுகுது, ஒரு தரம் தளருது. ஏன்னு தேடினா, வெட்டும்போது உள்பக்கம் உரசுப்பட்ட துண்டுல அந்த மெல்லிய படை உரிஞ்சு போயிருக்கு, அதெல்லாம் தளரவே இல்ல. உரசாத துண்டு மட்டும் தளந்திச்சு. அப்போ தளத்துற சாமான் அந்த படையில இருந்துதான் வருது! 1980ல அத எழுதினாரு. அந்த சாமான் நைட்ரிக் ஒக்சைட்ங்கிற வாயுன்னு பெறகு தெரிஞ்சிச்சு, 1998ல பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க.

இந்த வாயு ஒடம்புக்குள்ள சில செக்கன்தான் உயிரோட இருக்கும். அர்ஜினின்னு ஒரு அமினோ அமிலத்துல இருந்து, உள்படையில இருக்கிற ஒரு என்சைம் அத செய்யுது. செஞ்ச ஒடனே பக்கத்து தசைக்குள்ள போயி அங்க சங்கிலி மாதிரி ஒண்ண தொட்டு ஒண்ணு நடந்து, கடைசில தசைக்குள்ள கல்சியம் கொறையும், தசை தளரும். வயசு, சீனி வருத்தம், சிகரெட், பிரஷர் எல்லாம் சேந்து அந்த உள்படைய பழுதாக்கினா வாயு கொறைஞ்சு போகும், குழாய் வெறைச்சுக்கிட்டே நிக்கும்.

இப்போ தேயிலைக்கு வர்றேன். பச்சக் கொழுந்துல கெட்டகின்னு ஒரு வேதிப்பொருள் கூட்டம் இருக்கு, அதுல பெரிய ஆளு ஈஜிசிஜி. நாக்குல சுள்ளுன்னு பிடிக்கிற அந்த தொவர்ப்பு இவங்களோடதுதான். லெப்ல வளத்த உள்படை செல்லுல ஈஜிசிஜி போட்டா, செல்லுக்குள்ள ரெண்டு மூணு கை மாறி கட்டள போயி அந்த என்சைம்ல ஒரு பொஸ்பேட் ஒட்டுது, என்சைம் கூடுதலா வேல செய்யுது, நைட்ரிக் ஒக்சைட் கூடுது. 2004ல பெர்லின்ல ஒரு குழு இத காட்டிச்சு. அதனால வொய்ஸ்ல சொன்னதுல "தளத்தி விடும்"ங்கிற அந்த ஒரு சொல்லு வரைக்கும் பொய் இல்ல. "அடைப்பு போயிரும்", "குளிசை தேவையில்ல" இந்த ரெண்டுக்கும் ஆதாரம் கெடையாது.

ஊவாக்காத்து
அருமையா சொன்னீங்க அண்ணே. ஆனா செல்லுல போட்டு பாக்கிறதும் மனுசன் குடிக்கிறதும் ஒண்ணா? மனுசன்ல பாத்திருக்காங்களா?

குழாயும் உயிரும்
சரியான எடத்துல கேட்டீங்க. ஒண்ணு இல்ல. லெப்ல ஊத்துற அளவு பல நேரம் நம்ம ரத்தத்துல ஏறுற அளவ விட எத்தனையோ மடங்கு கூட. குடிக்கிறதுல கொஞ்சம்தான் ரத்தத்துக்கு வரும், ஒண்ணரை ரெண்டு மணித்தியாலத்துல உச்சிக்கு போயி பெறகு எறங்கிரும்.

மனுசன்ல பாக்கிறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. படுக்க வச்சு, முழங்கைக்கு மேல ஓடுற நாடிய ஸ்கேன்ல பிடிச்சு அதோட அகலத்த அளப்பாங்க. பெறகு பிரஷர் பாக்கிற பட்டிய முன்கையில கட்டி ரத்த ஓட்டத்த முழுசா நிப்பாட்டி அஞ்சு நிமிசம் வச்சிருப்பாங்க, கை வெளிறி மரத்துப் போகும். பட்டிய விட்ட ஒடனே தேங்கின தண்ணி மாதிரி ரத்தம் பாயும், அந்த பாய்ச்சல் உள்படைய உரசும், உரசினா வாயு வரும், நாடி விரியும். எத்தன சதவீதம் விரிஞ்சிச்சுன்னு அளக்கிறதுதான் கணக்கு. ஆரோக்கியமான ஆளுக்கே பத்து சதவீதம் பக்கத்துலதான், பழுதான குழாய்க்கு அதுவும் இல்ல.

2008ல கிரேக்கத்துல 14 பேருக்கு ஒரு நாள் 6 கிராம் கிரீன் டீ, ஒரு நாள் அந்த டீல இருக்கிற அளவு கெபீன், ஒரு நாள் சுடுதண்ணி மட்டும்னு குடுத்து பாத்தாங்க. கிரீன் டீ குடிச்ச நாள்ல அர மணித்தியாலத்துல விரிவு கிட்டத்தட்ட 3.7 புள்ளி கூடிச்சு, கெபீனுக்கும் சுடுதண்ணிக்கும் ஒண்ணும் இல்ல. இருதய நாடியில அடைப்பு இருக்கிறவங்களுக்கு 300 மில்லிகிராம் ஈஜிசிஜி குடுத்து அமெரிக்காவுல பாத்தப்பவும் ரெண்டு மணித்தியாலத்துல 7.1ல இருந்து 8.6க்கு கூடிச்சு.

நெசமாவே விரியுது. ஆனா பாருங்க, அது சில மணித்தியாலத்து சங்கதி. பிரஷர் மானியில எவ்ளோ எறங்குதுன்னு பல டிரையல சேத்து கணக்கு போட்டா மேல் கணக்குல ரெண்டு, கீழ் கணக்குல ரெண்டு, அவ்வளவுதான். உங்க அம்மாவோட 172, 170 ஆகும்.

தாதி அக்கா
அந்த ரெண்ட எல்லாரும் மனசுல வைங்க. அதே கணக்குல உப்பையும் பாருங்க. பிரஷர் இருக்கிறவங்க ஒரு நாளைக்கு நாலு கிராம் சொச்சம் உப்ப கொறச்சா மேல் கணக்கு அஞ்சு கிட்ட எறங்குது, அதுக்கு காசும் போகாது. காலைல ரொட்டி, கட்டசம்பல், பகலுக்கு கருவாடு, ராவுக்கு நெத்தலி. இதுதான் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) சாப்பாடு, நானும் அதத்தான் சாப்பிட்டு வளந்தேன், குத்தமா சொல்லல. ஆனா கருவாட்ட ராவே ஊற வச்சு தண்ணிய ரெண்டு தரம் மாத்தி ஊத்தினா எவ்ளோ உப்பு போகும், சம்பலுக்கு தேசிக்கா கூடுதலா புளிஞ்சா உப்பு கொறஞ்சது தெரியவே தெரியாது. எங்க வீட்டுல அப்படித்தான் செய்றோம்.

பொகவந்தலாவ பொண்ணு
நான் ஒண்ணு கேக்கலாமா. கிரீன் டீ வாங்க எங்களுக்கு வசதியில்ல, தோட்டத்துல குடுக்கிற தூள்தான். கறுப்பு தேத்தண்ணில இந்த கெட்டகின் ஒண்ணும் இல்லையா?

ரோல்ரூம்
தங்கச்சிக்கு நான் சொல்றேன். 34 வருசம் ஸ்டோர்ல, அதான் தேயிலை தொழிற்சாலையில வேல, கடைசி பன்னண்டு வருசம் டீமேக்கரா இருந்து வெலகினேன்.

கிரீன் டீக்கு தனி செடி கெடையாது, அத மொதல்ல வெளங்கிக்கோங்க. அதே வீபி மலை (தண்டு வெட்டி நட்ட செடி), அதே ரெண்டு எலையும் ஒரு மொட்டும். வித்தியாசம் முழுக்க ஸ்டோருக்குள்ள. ஒரு கொழுந்த எடுத்து உள்ளங்கையில வச்சு நல்லா கசக்கி கொஞ்ச நேரம் விடுங்க. மொதல்ல பச்ச வாசம், புல்லு வெட்டின மாதிரி. பெறகு ஓரத்துல இருந்து செவக்க தொடங்கும், வாசம் மாறி பழ வாசம் வரும், கையெல்லாம் பிசுக்கும். எலைக்குள்ள தனித்தனி அறையில இருந்த கெட்டகினும் ஒரு என்சைமும் கசங்கினதும் ஒண்ணோட ஒண்ணு கலந்து காத்து பட்டு மாறுது. அதத்தான் நாங்க வாட்டி, ரோல் பண்ணி, பரப்பி வச்சு பெரிய அளவுல செய்றோம். கெட்டகின் சேந்து தியபிளேவின், தியரூபிஜின்னு வேற சாமானா ஆகுது, சாயத்தோட செவப்பும் அந்த மினுக்கமும் அதுதான். கிரீன் டீக்கு கொழுந்து வந்த ஒடனே ஆவியிலயோ சூடான சட்டியிலயோ போட்டு அந்த என்சைம கொன்னுருவாங்க, அதனால பச்சையாவே நிக்கும், கெட்டகினும் அப்படியே நிக்கும்.

1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளக்காரர் லூல்கந்துரை தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட நாள்ல இருந்து நம்ம இலங்கை கறுப்பு தேயிலைக்கு பேர் எடுத்த நாடு. நல்லா செஞ்ச கறுப்பு தேயிலைய கொறவா நெனைக்காதீங்க, கேக்கவே எனக்கு நெஞ்சு நோகுது.

குழாயும் உயிரும்
ரோல்ரூம் அண்ணன் சொன்னதுக்கு ஆதாரமே இருக்கு. அதே பெர்லின் குழு 2008ல பொம்பளைங்களுக்கு கிரீன் டீயும் கறுப்பு டீயும் குடுத்து அந்த கை டெஸ்ட செஞ்சு பாத்தாங்க. ரெண்டுலயும் விரிவு ஏறக்கொறைய ஒரே அளவு. கெட்டகின் கொறஞ்ச கறுப்பு டீயும் வேல செஞ்சிச்சுன்னா, மாறி வந்த சாமான்லயும் சத்து இருக்குன்னுதான் அர்த்தம். அதுக்கு முந்தி 2001ல அமெரிக்காவுல இருதய நாடி நோயாளிகளுக்கு நாலு வாரம் தெனம் 900 மில்லிலீட்டர் கறுப்பு டீ குடுத்தும் நல்ல முடிவு வந்திருக்கு. அதனால தங்கச்சி, வேலைக்கு போத்தல்ல கொண்டு போற உங்க பிளேன்டீய தைரியமா குடிங்க. சீனிய மட்டும் கொறைங்க. மூணு கரண்டி சீனி போட்டா அந்த உள்படைக்கு ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்குற கததான்.

பொகவந்தலாவ பொண்ணு
மனசுக்கு சந்தோசமா இருக்கு. நாங்க எடுக்கிற கொழுந்துல நல்லது ஏத்துமதிக்கு போயி எங்களுக்கு தூசித்தூள்தானே வருதுன்னு எப்பவும் ஒரு கவல. பால் ஊத்தினா?

குழாயும் உயிரும்
அங்க சண்ட இருக்கு. 2007ல பெர்லின்ல 16 பொம்பளைங்களுக்கு கறுப்பு டீ வெறும்னயும், பத்துல ஒரு பங்கு ஆடை எடுத்த பால் ஊத்தியும் குடுத்தாங்க. வெறும் டீல குழாய் விரிஞ்சிச்சு, பால் ஊத்தினதுல அது இல்லாம போயிருச்சு. பால்ல இருக்கிற கேசின் புரதம் கெட்டகின பிடிச்சு வச்சுக்குதுன்னு சொன்னாங்க. ஆனா வேற ஆராய்ச்சியில, பால் சேத்தாலும் ரத்தத்துல கெட்டகின் ஏறுறது கொறையலன்னும் வந்திருக்கு. 16 பேர வச்சு முடிவு கட்ட நான் தயாரில்ல. புள்ளைங்களுக்கு பால் தேத்தண்ணி குடுக்கிறத இதுக்காக நிப்பாட்டாதீங்க, அவங்களுக்கு பால்தான் முக்கியம்.

ஊவாக்காத்து
நான் ஒரு மாத்துக் கருத்து சொல்றேன், கோவிக்காதீங்க. எங்க சித்தப்பா கிரீன் டீ கெப்சூல் போடுறாரு, வெளிநாட்டுல இருந்து மகன் அனுப்புறான். ரெண்டு மாசத்துல பிரஷர் 150ல இருந்து 130க்கு வந்திருச்சு. ஜப்பான்ல கிரீன் டீ குடிக்கிறவங்க நீண்ட காலம் வாழ்றாங்கன்னும் இருக்கே. கோப்பையில கொஞ்சம்தான் ரத்தத்துக்கு வருதுன்னா கெப்சூல்ல கூடுதலா எடுத்தா என்ன?

குழாயும் உயிரும்
ஜப்பான் கத நெசம். மியாகில 40,530 பேர 11 வருசம் வரைக்கும் (இருதய நோய் சாவ மட்டும் 7 வருசம்) தொடந்து பாத்து 2006ல எழுதினாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு கோப்பையோ அதுக்கு மேலயோ குடிச்ச பொம்பளைங்கள்ல இருதய, ரத்தக்குழாய் நோயால சாவு, ஒரு கோப்பை கூட குடிக்காதவங்கள விட 31 சதவீதம் கொறவு, ஆம்பளைங்கள்ல 22. நல்ல ஆராய்ச்சிதான், ஆனா குடிக்கிறவங்க சாப்பாடும் பழக்கமும் வேறயா இருந்திருக்கலாம், டீதான் காப்பாத்திச்சுன்னு அதால மட்டும் சொல்ல முடியாது. முக்கியமா, அவங்க குடிச்சது கோப்பையில. கெப்சூல் இல்ல.

கெப்சூல் விசயத்துல நான் கண்டிப்பா சொல்றேன். ஒரு கோப்ப கிரீன் டீல ஈஜிசிஜி 50ல இருந்து 100 மில்லிகிராம் இருக்கும். கெப்சூல்ல சிலதுல ஒரே வாய்ல பல நூறு. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் கெப்சூலா எடுத்தா ஈரல் பழுதாகிற அறிகுறி ரத்தத்துல தெரியுதுன்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு சபை 2018ல எச்சரிச்சிருக்கு. வெறும் வயித்துல எடுத்தா ரத்தத்துல இன்னும் கூடுதலா ஏறும். சித்தப்பாவோட பெட்டியில எத்தன மில்லிகிராம்னு இன்னிக்கே பாருங்க, கண்ணு மஞ்சளாகுதான்னும் பாருங்க. பிரஷர் எறங்கினதுக்கு வேற என்ன மாத்தினாருன்னும் கேளுங்க.

தாதி அக்கா
இன்னொண்ணும் இருக்கு. குளிசைக்கும் கிரீன் டீக்கும் சில நேரம் ஒத்துப் போகாது. நாடோலோல்னு ஒரு பிரஷர் மருந்து, ஜப்பான்ல பத்து பேருக்கு ரெண்டு வாரம் தெனம் 700 மில்லிலீட்டர் கிரீன் டீ குடுத்து பெறகு அந்த மருந்த குடுத்தா, ரத்தத்துல மருந்து 85 சதவீதம் கொறஞ்சு போயிருந்திச்சு. கொடல்ல மருந்த உள்ள எடுக்கிற வாசல டீ அடைச்சிருதுன்னு சொல்றாங்க. எல்லா குளிசைக்கும் இப்படி இல்ல. வார்பரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்கிற மருந்து) போடுறவங்களும் திடீர்னு கிரீன் டீய அள்ளி குடிக்க கூடாது. அதனால குளிசைய எப்பவும் வெறும் தண்ணில போடுங்க, தேத்தண்ணில இல்ல. கிளினிக் கொப்பிய காட்டி டொக்டர கேளுங்க.

அப்புறம் பொகவந்தலாவ தங்கச்சிக்கு. நீங்க மலையில வேல செய்ற பொண்ணு, உங்களுக்கு பிரஷர விட ரத்தக் கொறவுதான் பெரிய பயம். கீரை, பருப்பு, ரொட்டில இருக்கிற இரும்புச்சத்த தேயிலத் தொவர்ப்பு பிடிச்சு வச்சுக்கும், சாப்பாட்டோட சேத்து தேத்தண்ணி குடிச்சா பாதிக்கு மேல ஒடம்புல சேராது. காலைல ரொட்டிய தேத்தண்ணில தோச்சு சாப்பிடுற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. அத மட்டும் மாத்துங்க. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க. புள்ள பெத்த பொம்பளைங்க, மாசமா இருக்கிறவங்க, இரும்பு குளிசை போடுறவங்க எல்லாருக்கும் இத சொல்லுங்க, பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துல புள்ளைங்கள விட்டுட்டு போற எடம்) வர்ற அம்மாமாருக்கும் சொல்லுங்க. எத்தன புள்ளைங்க வெளிறிப்போன கண்ணோட கிளினிக் வருதுங்கன்னு நான் தெனம் பாக்கிறேன், மனசு கேக்கல.

பொகவந்தலாவ பொண்ணு
இத யாரும் எங்களுக்கு சொன்னதே இல்லக்கா. காலைல ஆறரைக்கு பெரட்டுக்கு (பேர் குடுத்து வேல பிரிக்கிற எடத்துக்கு) ஓடணும், ரொட்டியும் தேத்தண்ணியும் ஒண்ணாத்தான் எறங்கும். இனி தேத்தண்ணிய போத்தல்ல ஊத்திட்டு போயி பத்து மணிக்கு மலையில குடிக்கிறேன்.

ஊவாக்காத்து
பெட்டிய போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். ஒரு கெப்சூல்ல 400, தெனம் ரெண்டு போடுறாராம். நிப்பாட்ட சொல்லிட்டேன், நாளைக்கு ஈரல் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க பதுளைக்கு போறாரு. கேட்டப்போதான் சொல்றாரு, அதே ரெண்டு மாசமா சிகரெட்டும் விட்டு தெனம் நடக்கிறாராம். கெப்சூல்னு நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். நன்றி அண்ணே.

மஸ்கெலியா மகன்
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோட்டும் இல்ல சிக்னலும் இல்ல.

நேத்து அம்மாவோட கிளினிக் போனேன். குளிசை விட்டத சொன்னோம், டொக்டர் ஏசாம கேட்டாரு, மருந்த கூட்டல. 144க்கு 88. அம்மாவோட கொப்பியில நாடோலோல் இல்ல, வேற மருந்து, அளவா டீ குடிக்கலாம்னாரு.

ஞாயித்துக்கெழம அம்மாவ இஸ்தோப்புல (முன் திண்ணையில) ஒக்கார வச்சு நீங்க எழுதினத எல்லாம் வாசிச்சு காட்டினேன். முயல் குழாய் கதைய ரெண்டு தரம் கேட்டாங்க. "அப்போ உள்ளுக்குள்ள இருக்கிற தோலுதான் காரியம்"னு அவங்களே சொன்னாங்க. ரோல்ரூம் அண்ணன் சொன்ன மாதிரி வீட்டுக்கு பின்னால இருக்கிற செடியில ரெண்டு எலையும் மொட்டும் கிள்ளி கசக்கி என் கையில வச்சு மூட சொன்னாங்க. முப்பது வருசம் எடுத்த கொழுந்து, எப்பவும் கூடையோட நிறுத்து குடுத்ததோட சரி, ஸ்டோருக்குள்ள அதுக்கு என்ன நடக்குதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லையாம். கொஞ்ச நேரம் கழிச்சு கைய தொறந்தா செவந்திருந்திச்சு, அந்த பழ வாசம் வந்திச்சு. அம்மா மோந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல.

கிரீன் டீ பெக்கட்ல பாதி இன்னும் இருக்கு. காலைல குளிசைய தண்ணில போட்டு, சாப்பிட்டு, பத்து மணிக்கு ஒரு கோப்ப குடிக்கிறாங்க. அது தீந்ததும் நம்ம தூளே போதும்னு சொல்லிட்டாங்க. ரோல்ரூம் அண்ணே, நல்ல சாயம் வர தூள எவ்ளோ நேரம் ஊற விடணும்னு அம்மா கேக்க சொன்னாங்க.

ரோல்ரூம்
அம்மாவுக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி. தூளுக்கு கொதிச்ச தண்ணி, கொதிச்ச ஒடனே ஊத்தணும், மூடி வச்சு மூணு நிமிசம். கிரீன் டீக்கு மட்டும் கொதிச்ச தண்ணிய கொஞ்சம் ஆற விட்டு ஊத்துங்க, இல்லாட்டி கசக்கும். தூள் டின்ன அடுப்பு பக்கத்துல வைக்க வேணாம், புகை பிடிச்சிரும்.